ஜிமெயில் இருக்கும்போது தண்டர்பேர்ட் எதற்கு?

ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "எங்கள் அலுவலகத்தில் ஒரு மூத்தவர் இன்னமும் தண்டர்பேர்டில்தான் மெயில் பார்க்கிறார். 'இதில் மெயில் பார்ப்பதே ஒரு சுகம்' என்கிறார். உலாவியைத் திறந்தால் ஜிமெயில் வந்து நிற்கும் காலத்தில், கணினியில் தனியாக ஒரு மெயில் மென்பொருளை நிறுவி வைத்துக்கொள்வதில் என்ன சுகம்? வெறும் பழக்கதோஷமா? ஒருவேளை நானும் மாறிப் பார்த்தால் ஜிமெயிலில் இருக்கும் பழைய மெயில்கள் போய்விடுமா?"

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதல் கேள்வி பார்வைக்கு 'எது சிறந்தது' என்பது போல இருக்கிறது. அப்படி எடுத்துக்கொண்டு வசதிகளை வரிசையாக ஒப்பிட்டால் ஜிமெயில் பாதிக்கு மேல் ஜெயித்துவிடும். குப்பை மெயிலைப் பிடிப்பதில் தண்டர்பேர்ட் அதன் பக்கத்தில்கூட வராது. எந்த ஊரில் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் கடவுச்சொல் போட்டால் மெயில் தயார். ஆனால் உங்கள் மூத்தவர் வசதி என்று சொல்லவில்லை, சுகம் என்று சொல்லியிருக்கிறார். ஏசி பஸ் வசதிதான். ஜன்னலோரம் இடம் கிடைத்த சாதாரண பஸ்ஸில் சுகமாகப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சுகம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் இருபது வருடங்களுக்கு மேலாகச் சிறு நிறுவனங்களுக்கு மெயில் சர்வர்களைப் பராமரித்துத் தரும் வேலையில் இருக்கிறேன். தண்டர்பேர்டின் 1.0 பதிப்பு 2004 டிசம்பரில் வந்தது. அடுத்த மாதமே நிறுவினேன், இன்றுவரை எடுக்கவில்லை. ஆகவே நடுநிலையாளன் என்று என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது. விண்டோஸிலும் லினக்ஸிலும்தான் இதை வைத்து வேலை செய்திருக்கிறேன். மேக் கணினியில் நாள்முழுக்கப் பயன்படுத்தியதில்லை என்பதால் அங்கே இதன் குணம் பற்றி நான் பேசப்போவதில்லை.

சுகம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஸ்பேஸ் பார். கேட்க அற்பமாக இருக்கும். காலையில் காபியோடு உட்காருகிறேன். படிக்காத மெயில் ஒன்றைத் திறந்து ஸ்பேஸ் பாரை அழுத்தினால் மெயில் ஒரு பக்கம் நகரும். மறுபடி அழுத்தினால் அடுத்த பக்கம். மெயில் முடிந்துவிட்டதென்றால் அதே ஸ்பேஸ் பார் அடுத்த படிக்காத மெயிலுக்குக் கூட்டிப்போகும். அந்த ஃபோல்டர் தீர்ந்துவிட்டால், அடுத்த ஃபோல்டருக்குப் போகட்டுமா என்று கேட்கும். ஒரு கையில் தம்ளர், இன்னொரு கையின் கட்டைவிரல் மட்டும் வேலை செய்கிறது. நாற்பது மெயில்களை மௌஸைத் தொடாமல் பார்த்து முடித்துவிடலாம். பிடித்ததற்கு 'எஸ்' விசை, நட்சத்திரம் விழும். முடிந்ததற்கு 'ஏ' விசை, அந்த ஆண்டின் ஆவணப் பெட்டிக்குள் போய்விடும். பிறகு செய்யவேண்டிய வேலை என்றால் 4, வரி நீல நிறமாகும். முக்கியம் என்றால் 1, சிவப்பு. கன்ட்ரோல், ஆல்ட் எதுவும் வேண்டாம், ஒற்றை விசை. கடையில் கணக்குப்பிள்ளை சீட்டுகளைப் பிரித்து ஆணியில் குத்துவாரே, அந்த வேகமும் அந்தச் சத்தமில்லாத திருப்தியும் இதில் இருக்கிறது.

நியாயமாகச் சொன்னால் ஜிமெயிலிலும் விசைக் குறுக்குவழிகள் உண்டு. அமைப்புகளுக்குள் போய் இயக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். வித்தியாசம் விசையில் இல்லை. அழுத்தியதும் என்ன நடக்கிறது என்பதில் இருக்கிறது. உலாவியில் ஒரு மெயிலைத் திறக்கும்போது கோரிக்கை எங்கோ ஒரு தரவு மையம் வரை போய்த் திரும்ப வேண்டியிருக்கலாம். பெரும்பாலும் அரை நொடிதான். ஆனால் அந்த அரை நொடி ஒரு தடவை கால் நொடியாகவும் இன்னொரு தடவை இரண்டு நொடியாகவும் இருக்கும், இணைய இணைப்பின் மனநிலையைப் பொறுத்து. தண்டர்பேர்டில் மெயில் ஏற்கெனவே என் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. அழுத்தினால் திறக்கும், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி. கை தாளத்தைப் பிடித்துக்கொள்வது இதனால்தான். வேகத்தைவிட இந்த மாறாத தன்மைதான் சுகம் தருகிறது என்பது என் கணிப்பு. மெயில் உள்ளூரில் இருக்கிறது என்பது உறுதியான விஷயம்; அது மனத்துக்கு இதமாக இருக்கிறது என்பது நான் என்னிடமும், நான் நிறுவித் தந்த சில பேரிடமும் பார்த்தது மட்டுமே.

தோற்றத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இடதுபக்கம் ஃபோல்டர்கள், மேலே மெயில் பட்டியல், கீழே மெயில். இந்த மூன்று கட்ட அமைப்பு, 1990-களின் உலாவியான நெட்ஸ்கேப் காலத்துச் சொத்து. தண்டர்பேர்டின் பூர்வீகமும் அங்கேதான்: நெட்ஸ்கேப்பின் மூலநிரலிலிருந்து உலாவியும் மெயிலும் சேர்ந்த மொசில்லா தொகுப்பு வந்தது, அதன் மெயில் பகுதியைத் தனியே பிரித்து எடுத்ததுதான் இது. 2023 ஜூலையில் வந்த 115-ஆம் பதிப்பில், சூப்பர்நோவா என்று பெயர் வைத்து, முகப்பை மாற்றி எழுதினார்கள். ஒவ்வொரு மெயிலும் இரண்டு மூன்று வரி உயரமுள்ள அட்டை போலத் தெரியும் காட்சி ஒன்று அதில் சேர்ந்தது. அகலத் திரை உள்ளவர்களுக்கு அது நன்றாகவே இருக்கிறது. நான் முதல் வேலையாக அட்டவணைக் காட்சிக்கு மாறி, இடைவெளியை மிகக் குறைவாக வைத்துக்கொண்டேன். ஒரே பார்வையில் நாற்பது வரிகள் தெரிய வேண்டும், அப்போதுதான் எனக்கு மூச்சு சீராக வரும். இப்படி அவரவர் கைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள விடுகிறார்களே, அதுவும் சுகத்தில் ஒரு பங்கு.

இழைகளைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு மெயிலுக்கு நான்கு பேர் பதில் போடுகிறார்கள், அந்தப் பதில்களில் ஒன்றுக்கு இன்னொருவர் பதில் போடுகிறார். ஜிமெயில் இவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக, நேர வரிசையில் அடுக்கிவிடும். தண்டர்பேர்ட் குடும்ப மரம் போலக் கிளை பிரித்துக் காட்டும்: யார் யாருக்குப் பதில் சொன்னார் என்பது பார்த்தவுடன் தெரியும். ஒவ்வொரு பதில் மெயிலின் தலைப்பகுதியிலும் 'நான் எந்த மெயிலுக்குப் பதில்' என்ற குறிப்பு மறைந்திருக்கிறது. அதை வைத்து மரம் கட்டும் முறையை நெட்ஸ்கேப் மெயிலை எழுதியவர்களில் ஒருவரான ஜேமி ஜவின்ஸ்கி பிற்பாடு விளக்கி எழுதி வைத்தார். எந்த மென்பொருளும் கடைசியில் மெயில் படிக்கும் அளவுக்கு வீங்கிவிடும் என்று கிண்டலாக ஒரு விதி சொன்னவரும் அவர்தான். இருபது பேர் ஒரு டெண்டரைப் பற்றி விவாதிக்கும் அலுவலகத்தில் இந்த மரம் இல்லாமல் யார் எதற்குச் சரி என்றார் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

அப்புறம், அமைதி. தண்டர்பேர்டின் பட்டியலில் விளம்பரம் மெயில் வேடத்தில் வந்து உட்காருவதில்லை. 'இந்தப் பதிலை அனுப்பட்டுமா' என்று மூன்று வாக்கியங்களை எனக்காக எழுதிவைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை. மெயிலுக்குள் வெளியிலிருந்து வரவேண்டிய படங்களை இயல்பாகவே தடுத்துவிடும், நாம் அனுமதித்தால்தான் இறக்கும். நாம் மெயிலைத் திறந்தோமா, எப்போது திறந்தோம் என்று வேவு பார்க்கச் சில விளம்பர நிறுவனங்கள் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி அளவு படத்தை ஒட்டி அனுப்புவார்கள். அதுவும் இந்தத் தடுப்பில் மாட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் 'அட்டாச்டு' என்று எழுதிவிட்டுக் கோப்பை இணைக்க மறந்தால் மட்டும் கீழே ஒரு மஞ்சள் பட்டை வந்து நினைவூட்டும். என் மானத்தை அது எத்தனை தடவை காப்பாற்றியிருக்கிறது என்பதை எண்ணவில்லை.

ஒளிவுமறைவின்மை இன்னொன்று. கன்ட்ரோல்-யூ அழுத்தினால் மெயிலின் கச்சா வடிவம் அப்படியே திறக்கும். வங்கியிலிருந்து வந்தது போல ஒரு மெயில் வந்திருக்கிறது, நம்பலாமா என்று யாராவது கேட்டால் நான் செய்யும் முதல் வேலை இதுதான். மெயில் கடந்து வந்த ஒவ்வொரு சர்வரும் தன் முத்திரையை மேலே மேலே குத்திக்கொண்டே போகும். ஆகவே அவற்றைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். நம் சர்வர் குத்திய வரி ஒன்றைத்தான் முழுதாக நம்பலாம். அதற்குக் கீழே இருப்பவற்றை அனுப்பியவரே போலியாக எழுதியிருக்க முடியும். ஜிமெயிலிலும் இதைப் பார்க்கலாம், மெனுவுக்குள் தேட வேண்டும். ஆனால் ஒரு விசையில் இருப்பதால்தான் நான் சேவை செய்யும் இடங்களில் சில பேர் தாங்களாகவே பார்க்கப் பழகியிருக்கிறார்கள்.

இனி நான் உண்மையில் இந்த மென்பொருளோடு ஒட்டிக்கொண்டதற்கான காரணத்துக்கு வருகிறேன். தண்டர்பேர்ட் ஒரு ஃபோல்டரில் உள்ள மெயில்கள் எல்லாவற்றையும் ஒரே ஒரு சாதாரண உரைக் கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதி வைக்கிறது. எம்பாக்ஸ் என்று பெயர். 1970-களின் யூனிக்ஸ் கணினிகளிலிருந்து வரும் முறை. பக்கத்தில் எம்.எஸ்.எஃப் என்று முடியும் சின்னக் கோப்பு ஒன்று இருக்கும். அது வெறும் அட்டவணை, அழித்தாலும் மறுபடி தானே கட்டிக்கொள்ளும். பெரிய கோப்பை நோட்பேடில்கூடத் திறந்து படிக்கலாம். நாளைக்கே தண்டர்பேர்ட் என்ற ஒன்று இல்லாமல் போனாலும் கோப்பு இருக்கிறது, அதைப் படிக்கத் தெரிந்த மென்பொருள்கள் டஜன் கணக்கில் இருக்கின்றன.

இதன் அருமை தமிழில் மெயில் எழுதுகிறவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். 2000-களின் தொடக்கத்தில் நான் சில தமிழ் மடற்குழுக்களில் இருந்தேன். யூனிகோடு 1991-லேயே தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டது, ஆனால் அன்றைய விண்டோஸ் 98 கணினிகளில் அதை வைத்துக்கொண்டு பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே பெரும்பாலோர் திஸ்கி என்ற எட்டு பிட் குறியேற்றத்தில், அதாவது எழுத்துகளை எண்களாகப் பதியும் முறையில், எழுதினோம். அதில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே பதிவாகும்: 'கொ' என்றால் முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். மெயிலின் தலைப்பகுதியில் இது என்ன குறியேற்றம் என்று சரியாகச் சொல்லவும் வழியில்லாமல், 'பயனர் வரையறுத்தது' என்று பொதுவாக ஒரு பெயரைப் போட்டு அனுப்புவோம். சிலர் அதையும் போடாமல், ஐரோப்பிய மொழி மெயில் போல அனுப்புவார்கள். இன்று அந்த மெயில்களைத் திறந்தால் மேலே புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளின் ஊர்வலம்தான் தெரியும். அன்றைக்கு நான் பயன்படுத்திய அவுட்லுக் எக்ஸ்பிரஸிலிருந்து அவற்றைத் தண்டர்பேர்டுக்குள் இறக்குமதி செய்து வைத்தேன். பல வருடம் கழித்து ஒரு மழைக்கால விடுமுறையில், எம்பாக்ஸ் கோப்பைத் திறந்து, ஒவ்வொரு மெயிலின் உடலையும் திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் சின்ன பைத்தான் நிரல் ஒன்றை எழுதினேன். கொம்பை எடுத்து எழுத்துக்குப் பின்னால் வைக்கும் இடத்தில் மட்டும் ஒரு நாள் போனது. மாற்றிய கோப்பை உள்ளே வைத்ததும், இன்று உயிரோடு இல்லாத ஒரு நண்பர் 2002-ல் எழுதிய கடிதம் சுத்தமான தமிழில் திறந்தது. மெயில் ஒரு சாதாரணக் கோப்பாக என் கையில் இல்லாமல் இருந்திருந்தால் இதைச் செய்ய வழியே இல்லை.

குறியேற்றம் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, ஆனாலும் இன்னொன்று. தமிழில் தலைப்பு எழுதிய மெயில்களில் நடுவே கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மெயிலின் தலைப்பு வரி ஆங்கில எழுத்துகளை மட்டுமே சுமக்கும் என்ற காலத்தில் பிறந்தது. ஆகவே தமிழை அதற்குள் வேறு வடிவில் பொட்டலம் கட்டி அனுப்ப வேண்டும். யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட். 'வணக்கம்' என்பதில் புள்ளிகளையும் சேர்த்து ஏழு குறிகள், ஆக 21 பைட், பொட்டலம் கட்டியபின் 28 எழுத்துகள். 1996-ல் எழுதிய விதிப்படி ஒரு பொட்டலம் 75 எழுத்துகளைத் தாண்டக்கூடாது. மேலுறையைக் கழித்தால் ஒரு பொட்டலத்துக்குள் பதினைந்து தமிழ்க் குறிகள்தான் அடங்கும். தலைப்பு அதைவிட நீளமாக இருந்தால் இரண்டாகப் பிரிக்க வேண்டும், அதுவும் ஒரு குறியின் மூன்று பைட்டுகளுக்கு நடுவே வெட்டாமல். அரைகுறையாக எழுதிய மென்பொருள்கள் அங்கேதான் வெட்டும், சாய்சதுரம் முளைக்கும். தண்டர்பேர்ட் அனுப்பிய தமிழ்த் தலைப்பில் இப்படி வெட்டுப்பட்டதை நான் பார்த்ததில்லை.

தமிழ்த் தேடலிலும் ஒரு சௌகரியம் இருக்கிறது. பட்டியலுக்கு மேலே விரைவு வடிகட்டி என்று ஒரு பெட்டி. அதில் தட்டச்சு செய்வது சொல்லின் எந்தப் பகுதியில் இருந்தாலும் பிடித்துவிடும். 'சென்னை' என்று போட்டால் சென்னையில், சென்னைக்கு, சென்னையிலிருந்து எல்லாம் வரும். 'நிலம்' என்று போட்டால் நிலத்தில் வராது. 'நில' என்று நிறுத்திக்கொண்டால் வரும், கூடவே நிலவும் நிலக்கரியும் வந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். வேற்றுமை உருபு ஒட்டி ஒட்டி வளரும் மொழிக்கு இந்த எளிய தேடல், முழுச் சொல்லைப் பார்க்கும் புத்திசாலித் தேடலைவிட எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

மெயில் நம்மிடம் இருப்பது பற்றி ஒரு சம்பவம். நான் பார்த்துக்கொள்ளும் ஓர் அலுவலகம், பதினான்கு பேர். அவர்களின் மெயில் வேறொரு நிறுவனத்தின் சர்வரில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அந்த நிறுவனம் சர்வரை மாற்றியது, புது சர்வரில் எல்லோருடைய பெட்டியும் காலி. பேக்கப் இருக்கிறதா என்று கேட்டால் மழுப்பல். திங்கள் காலை ஒன்பதரைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தண்டர்பேர்டைத் திறக்க, கண்ணெதிரே பட்டியல் வெறுமையானது. ஐமேப் முறையில் கணினியில் இருப்பது சர்வரின் கண்ணாடிப் பிம்பம். அங்கே இல்லை என்றால் இங்கேயும் இல்லை. எனக்குச் செய்தி வந்ததும் நான் போன் செய்தது கணக்குப் பிரிவு அக்காவுக்கு. அன்று ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் தாமதமாக வருவதாகச் சொல்லியிருந்தார்.

"அக்கா, கம்ப்யூட்டரை ஆன் பண்ணாதீங்க. நான் வர்ற வரைக்கும் தொடவே வேண்டாம்."

"ஏன் தம்பி, வைரஸா?"

"வைரஸ் பரவாயில்லக்கா."

போய் முதலில் நெட்வொர்க் கம்பியைப் பிடுங்கினேன். பிறகுதான் கணினியை இயக்கித் தண்டர்பேர்டைத் திறந்தேன். எட்டு வருட விலைப்பட்டியல்கள், வரிக் கணக்குகள் எல்லாம் அப்படியே இருந்தன. அவற்றை 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்ற பகுதிக்குள் நகலெடுத்தேன். அந்தப் பகுதிக்குச் சர்வரோடு தொடர்பே கிடையாது. நகலெடுத்து முடித்தபின்தான் கம்பியைத் திரும்பச் செருகினேன். மற்றவர்களில் சிலருடையதை எம்பாக்ஸ் கோப்பிலிருந்து மீட்க முடிந்தது, ஏனென்றால் அழித்த மெயிலைத் தண்டர்பேர்ட் உடனே கோப்பிலிருந்து எடுப்பதில்லை, அழிந்ததாகக் குறித்து மட்டும் வைக்கும். சிலருடையது போனது போனதுதான். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கணினியில் மெயில் இருக்கிறது என்பதாலேயே அது பேக்கப் ஆகிவிடாது. லோக்கல் ஃபோல்டர்ஸில் ஒரு நகல், அந்தக் கோப்புறையின் நகல் வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று: இவை இரண்டும் இருந்தால்தான் பேக்கப்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இப்போது சொன்ன 'குறித்து மட்டும் வைக்கும்' பழக்கம்தான் பெரிய தலைவலி. அழித்த மெயில்கள் கோப்பில் இடத்தை அடைத்துக்கொண்டே இருக்கும். 'காம்பாக்ட்' என்ற கட்டளை ஓடினால்தான் கோப்பு சுருங்கும். 11 ஜிபி இன்பாக்ஸில் 7 ஜிபி வெறும் பிணமாகக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். எல்லா மெயிலும் ஒரே கோப்பில் இருப்பதால், அதில் ஒரு மெயிலில் வைரஸ் இருப்பதாகச் சந்தேகப்பட்டு, வைரஸ் தடுப்பு மென்பொருள் மொத்த இன்பாக்ஸையும் தூக்கிச் சிறையில் போட்டதும் நடந்திருக்கிறது. தண்டர்பேர்டின் கோப்புறையை அதன் கண்காணிப்பிலிருந்து விலக்கி வைப்பது நான் எல்லா இடத்திலும் செய்யும் வேலை. 2020-ல் 78-ஆம் பதிப்பு வந்தபோது, எனக்குப் பிடித்த பழைய ஆட்-ஆன்கள் (கூடுதல் வசதிக்காகச் சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்கள்) பல ஒரே நாளில் செத்தன. ஜிமெயிலோடு சேரும்போது வேறொரு குழப்பம்: ஜிமெயிலின் லேபிள்கள் இங்கே ஃபோல்டர்களாகத் தெரியும், ஒரே மெயில் இன்பாக்ஸிலும் 'ஆல் மெயில்' என்பதிலும் இரண்டு தடவை இறங்கி இடத்தை அடைக்கும். 'ஆல் மெயில்' ஃபோல்டரைச் சந்தாவிலிருந்து எடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

2022 மே 30-க்குப் பிறகு, வெறும் கடவுச்சொல்லை வைத்து வெளி மென்பொருள்கள் தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்குள் நுழைவதை கூகுள் நிறுத்தியது. அந்த வாரம் என் போன் ஓயவில்லை. கணக்கு அமைப்பில் 'ஓஆத்2' என்று மாற்றினால் கூகுளின் நுழைவுப் பக்கம் ஒரு தடவை திறக்கும், கடவுச்சொல்லை அங்கே கொடுத்தால் சரி. இப்போது புதிதாக அமைப்பவர்களுக்கு அதுவே தானாக வருகிறது.

'இது சாகப்போகிற மென்பொருள்தானே' என்றும் சிலர் கேட்பார்கள். அதற்குக் காரணம் இருந்தது. 2012 ஜூலையில், இனி பெரிய புது வசதிகளில் கவனம் செலுத்தப்போவதில்லை, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும் என்ற பாணியில், தண்டர்பேர்டை நடத்திவந்த மொசில்லா அமைப்பு அறிவித்தது. சில வருடங்கள் உண்மையிலேயே தேக்கமாக இருந்தது, நானே மாற்று தேடிப் பார்த்தேன். 2020 ஜனவரியில் மொசில்லா அறக்கட்டளையின் கீழ் எம்இசட்எல்ஏ என்ற தனி நிறுவனத்துக்கு மாறியபின் நிலைமை மாறியது. பணம் பெரும்பாலும் பயன்படுத்துகிறவர்கள் விரும்பித் தரும் நன்கொடைதான். 2022-ல் சுமார் 64 லட்சம் டாலர், 2023-ல் சுமார் 86 லட்சம் டாலர் வந்தது. கே-9 மெயில் என்ற ஆண்ட்ராய்டு செயலியை 2022-ல் சேர்த்துக்கொண்டு, அதிலிருந்து 2024 அக்டோபரில் தண்டர்பேர்டின் ஆண்ட்ராய்டு பதிப்பையும் கொண்டுவந்தார்கள். அது பரவாயில்லை ரகம். கணினியில் கிடைக்கும் அந்தத் தாளம் கைபேசியில் எனக்குக் கிடைக்கவில்லை. விரல் அளவு திரையில் யாருக்கும் கிடைக்காது என்று தோன்றுகிறது.

பழக்கதோஷமா என்று கேட்டீர்கள். ஓரளவுக்கு ஆமாம். இருபது வருடம் ஒரே விசைகளை அழுத்திய கைக்கு எதுவும் சுகமாகத்தான் இருக்கும், அதை என் சாட்சியத்திலிருந்து கழித்துவிடுங்கள். ஆனால் மூன்று வருடம் முன்பு ஓர் இளைஞர் எங்களிடம் சேர்ந்தார், அதுவரை உலாவியைத் தவிர எதிலும் மெயில் பார்க்காதவர். வேலைக்காக நான்கு கணக்குகளைப் பார்க்க வேண்டியிருந்ததால் வேண்டாவெறுப்பாகத் தண்டர்பேர்டுக்கு வந்தார். நான்கையும் ஒரே இன்பாக்ஸாகக் காட்டும் ஒருங்கிணைந்த காட்சியைப் பார்த்த அன்றே உலாவியில் நான்கு டேப்களை மூடினார். இப்போது ஃபில்டர் விதிகள் எழுதுவதில் எனக்கே பாடம் எடுக்கிறார். ஒருவரை வைத்து ஊரையே சொல்ல முடியாது, தெரியும். ஒரே ஒரு கணக்கு, நாளைக்குப் பத்து மெயில், அதையும் கைபேசியில்தான் பார்ப்பேன் என்பவராக இருந்தால் மாறவேண்டாம். உங்களுக்கு இது ஒரு கூடுதல் வேலையாகத்தான் இருக்கும்.

இனி, பழைய மெயில்கள் போய்விடுமா என்பது. ஐமேப் முறையில் சேர்த்தால் போகாது. எல்லாம் ஜிமெயிலிலேயே இருக்கும், இங்கே ஒரு நகல் தெரியும். ஆனால் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், அதை மட்டும் நினைவில் வையுங்கள். மெயிலைச் சர்வரிலிருந்து கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப் முறையைத் தேர்ந்தால், 'செய்திகளைச் சர்வரிலேயே விட்டுவை' என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். தண்டர்பேர்ட் தானாக ஐமேப்பைத்தான் முதலில் காட்டும், அதை மாற்றாமல் 'சரி' கொடுங்கள். முதல் நாள் மெயில் எல்லாம் இறங்க நேரமாகும். நிறைய இருந்தால் இரவு முழுக்க ஓடவிட்டு, காலையில் வந்து ஸ்பேஸ் பாரை அழுத்திப் பாருங்கள்.